‘ஆம்’ உதிரும் இடம்

கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மீன்தொட்டிப் பைத்தியங்கள் சிலர் ஒரு டீக்கடை வாசலில் கூடுவோம். கப்பி வளர்ப்பவர், ஃபைட்டர் வளர்ப்பவர், அரோவானா வாங்கச் சீட்டுக் கட்டியவர் என்று எல்லா ரகமும் உண்டு. ராகு காலம் பார்க்கிறவர் மட்டும் ஒருவர்கூடக் கிடையாது. வீட்டுக்கு வரும் கெடுதலை அரோவானா தன்மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்று சொல்லி விற்பவர்களைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்போம். எங்களில் மூத்தவர் ஒருவர், 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடித்த அன்று தெருமுனையில் நின்று, ஒரு ஸ்பூனையும் ஒரு செங்கல்லையும் வைத்துக்கொண்டு, செங்கல்லும் பால் குடிக்கும் என்று காட்டியவர்.

அந்த வாசலில்தான் நான் சொன்னேன்: “அந்தச் சந்துக் கடைல வாங்கின பத்து நியானும் ஒரே வாரத்துல போயிடுச்சு. நோய் மீன் போல. எதுக்கும் பாத்து வாங்குங்க.”

யாரும் எதுவும் கேட்கவில்லை. என்ன நோய், தொட்டி எத்தனை லிட்டர், தண்ணீர் எங்கே பிடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையாரிடம் அத்தனை கேள்வி கேட்ட பெரியவர்கூட, “அப்படியா, சரி சரி” என்று தலையாட்டிவிட்டு டீயை உறிஞ்சினார்.

அடுத்த ஞாயிறு அந்தச் செய்தி என்னிடமே திரும்பி வந்தது. “அந்தச் சந்துக் கடை மீனெல்லாம் நோய் மீனாம் சார்” என்று ஒரு பையன் எனக்கே எச்சரிக்கை சொன்னான். அதற்கடுத்த ஞாயிறு, “அது நோய் மீன் கடைப்பா” என்று யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். கூடவே ஒரு புதுத் துணுக்கு ஒட்டியிருந்தது: கடைக்காரர் மீனுக்குக் கலர் ஊசி போடுகிறார். கண்ணாடி மீன் என்ற, உடம்பு ஊடுருவித் தெரியும் சிறு மீனுக்குச் சாய ஊசி போட்டு விற்கும் கொடுமை இந்த வணிகத்தில் உண்மையாகவே உண்டு. ஆனால் நியான் டெட்ராவின் நீலக்கோட்டை எந்த ஊசியாலும் போட முடியாது. தோலில் உள்ள நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரிகிற நிறம் அது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. கண்ணால் கண்டதை ‘செத்தது’ என்போம். ஊகித்ததை ‘செத்தது போல’ என்போம். காதால் கேட்டதைச் ‘செத்ததாம்’ என்போம். செய்தி எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சின்ன வால் சொல்லிவிடும். சொல்லுக்குச் சொல் ஊர்ப்பெயர் எழுதிய சாமான் மூட்டை மாதிரி. வதந்தி என்பது வேறொன்றுமில்லை, அந்த வால் உதிர்கிற வரலாறு. நான் ‘போல’ என்றேன். பையன் ‘ஆம்’ என்றான். மூன்றாமவர் வாயில் இரண்டும் இல்லை. கேள்விப்பட்டதைக் குறிக்கும் ‘ஆம்’ என்ற அதே ஓசைதான், தனியே நின்றால் ஒப்புக்கொள்வதையும் குறிக்கிறது என்பது நம் மொழி நமக்கு வைத்த குறும்பு.

இது கொளத்தூர்க் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1973 டிசம்பரில் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஒரு சிறு வங்கியை இந்த வால் உதிர்தல் ஏறக்குறையக் கவிழ்த்தேவிட்டது. ரயிலில் மூன்று உயர்நிலைப் பள்ளி மாணவிகள் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒருத்திக்கு ஒரு ஷின்கின் வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. ஷின்கின் என்பது நம் ஊர்க் கூட்டுறவு வங்கி போன்ற ஓர் உள்ளூர் அமைப்பு. “ஷின்கினா, ஆபத்தாச்சே” என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். வங்கி என்றால் கொள்ளைக்காரன் வருவான் என்ற அளவில் சொன்ன கேலி. அந்தப் பெண் வீட்டில் உறவுக்காரம்மாவிடம் “ஷின்கின் ஆபத்தா?” என்று கேட்கிறாள். அந்த அம்மா, எந்த ஷின்கின் என்று பேச்சே வராத நிலையில், டொயோகவா ஷின்கினைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு உறவினருக்குத் தொலைபேசியில் விசாரிக்கிறார். அங்கிருந்து ஒரு முடிதிருத்தும் கடைக்கு, அங்கிருந்து ஒரு சலவைக் கடைக்கு.

அதன்பின் நடந்ததுதான் விசேஷம். டிசம்பர் 13 அன்று சலவைக் கடைக்கு வந்த ஒருவர் அங்கே இருந்த தொலைபேசியில், டொயோகவா ஷின்கினிலிருந்து 12 லட்சம் யென் எடுக்கும்படி வீட்டுக்குச் சொல்கிறார். அவருக்கு வதந்தி எதுவும் தெரியாது, தொழிலுக்குப் பணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற கடைக்காரரின் மனைவிக்கு அது ‘நிரூபணம்’ ஆகிவிட்டது. ஓடிப்போய்த் தம் பணத்தை எடுத்தார். தெரிந்தவர்கள் ஏமாறக் கூடாதே என்று கணவனும் மனைவியுமாக இருபது பேருக்கு மேல் தொலைபேசியில் சொன்னார்கள். அவர்களில் அமெச்சூர் வானொலி வைத்திருந்த ஒருவர் காற்றிலேயே பரப்பிவிட்டார். பொழுதுபோக்குக்காரர்களுக்கு எப்போதும் ஒரு தனிக் குழாய் இருக்கிறது, அதன் வழியே எதுவும் வேகமாகப் போகும்.

அன்று பகலிலிருந்து இரவுவரை ஊரில் வண்டி ஓட்டிய ஒரு டாக்சி ஓட்டுநர் பிறகு சொன்ன சாட்சியம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஏறியவர் “அந்த வங்கி ஆபத்தாம்” என்றார். அடுத்து ஏறியவர் “ஆபத்து” என்றார். அதற்கடுத்தவர் “மூழ்கப் போகிறது” என்றார். இரவில் ஏறியவர் “நாளைக்கு ஷட்டர் திறக்காது” என்றார். ஜப்பானிய மொழியிலும் நம் ‘ஆம்’ போன்ற ஒரு வால் உண்டு. அது அந்த டாக்சியின் பின்சீட்டில், பகலுக்கும் மாலைக்கும் நடுவே எங்கோ உதிர்ந்திருக்கிறது.

சில நாட்களில் மக்கள் எடுத்த பணம் ஏறக்குறைய 200 கோடி யென். வங்கி மறுத்தால், ‘மறுக்கிறார்களே, ஏதோ இருக்கிறது’ என்றானது. தலைவர் தற்கொலை செய்துகொண்டதாகப் பேச்சு கிளம்ப, அவரே கவுண்டரில் வந்து நின்றார். ஜப்பான் மத்திய வங்கி ரொக்கம் அனுப்பியது. வருகிறவர் கண்ணில் படும்படி நோட்டுக்கட்டுகளை அடுக்கி வைத்தார்கள். யாரோ சதி செய்திருக்கிறார்கள் என்று நினைத்துப் புலன் விசாரித்த போலீஸ், வதந்தி வந்த வழியைக் கண்ணி கண்ணியாகத் தேடிப் பின்னோக்கிப் போய்க் கடைசியில் ரயிலில் கேலி பேசிய பெண்பிள்ளைகளிடம் போய் நின்றது. அந்தச் சங்கிலியில் ஒருவர்கூடத் தெரிந்தே பொய் சொல்லவில்லை. எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் பிறர்மேல் அக்கறை.

இந்த இடத்தில் பகுத்தறிவாளர்கள் பெருமூச்சு விட்டு, “பாவம், யோசிக்காத ஜனங்கள்” என்று நகர்ந்துவிடுவது வழக்கம். நகர விடமாட்டேன். பணம் எடுக்க அந்த வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்களில் வதந்தியைத் துளியும் நம்பாதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கணக்கு இது: ‘வங்கி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் எடுத்தால் கவிழும். எனவே முன்னாடியே எடுத்துவிடுவோம்.’ தவறில்லாத கணக்கு. கவிழும் என்று போதுமான பேர் நம்பினாலே நல்ல வங்கியும் கவிழும் என்று 1948இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எழுதினார். ஒவ்வொருவரும் சரியாகக் கணக்குப் போடுவதாலேயே அப்படி நடக்கலாம் என்பதைச் சமன்பாடாக்கி 1983இல் எழுதிய டயமண்டுக்கும் டிப்விக்குக்கும் 2022இல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புத்தியுள்ளவனும் அந்த வரிசையில் நிற்பான். மூடநம்பிக்கை இல்லாதிருப்பது வதந்தியிலிருந்து நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையே ஒரு மூடநம்பிக்கை.

வங்கிக்காவது ஒரு சாக்கு உண்டு: முந்தாவிட்டால் நம் பணம் போய்விடும். மீன் கடையில் அந்தச் சாக்கும் இல்லை. அந்தக் கடை இல்லாவிட்டால் பத்தடி தள்ளி இன்னொரு கடை. அங்கே போவதால் எனக்குச் செலவு பூஜ்யம். செலவு பூஜ்யமானதால் ஆதாரமும் பூஜ்யமாக இருந்தால் போதும் என்று மனம் சொல்லிவிடுகிறது. ‘எதுக்கும் இருக்கட்டுமே’ என்ற இரண்டு சொற்களில் இந்த முழு அயோக்கியத்தனமும் அடங்கியிருக்கிறது. ஜாக்கிரதை என்னுடையது, அதற்கான கட்டணம் அவருடையது. நூறு பேர் இப்படி இலவசமாக ஜாக்கிரதையாக இருந்தால் ஒரு மனிதர் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஆகவே என் கட்சி இது: வதந்தியை நம்பிப் பரப்புகிறவரைவிட, நம்பாமல் பரப்புகிறவர் மோசமானவர். நம்பியவர் ஏமாந்தவர், அறிவு பிசகியது. மற்றவர், “நான் நம்பல, சும்மா காதுல போட்டு வெக்கிறேன்” என்கிறவர், தனக்கே போதாத ஆதாரத்தை அடுத்தவர் தலையில் ஏற்றுகிறார். கெட்டுப்போன சாம்பாரைத் தான் தொடாமல் பந்தியில் பரிமாறுகிற ஆள். நம்மில் படித்தவர்கள், சந்தேகிக்கத் தெரிந்தவர்கள், பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

“நெருப்பில்லாம புகையுமா?” என்பார்கள். நன்றாகப் புகையும். 1969 மே மாதம் பிரான்சின் ஓர்லேயான் நகரில் புகைந்தது. யூதர்கள் நடத்திய சில துணிக்கடைகளில், உடை மாற்றிப் பார்க்கும் அறைக்குள் போகும் இளம்பெண்களுக்கு மயக்க ஊசி போட்டுக் கடத்துகிறார்கள் என்று பேச்சு. சுரங்கப்பாதை உண்டு என்றார்கள். கடல் எங்கோ இருக்க, லுவார் ஆற்றில் நீர்மூழ்கிக் கப்பல் வந்து ஏற்றிப் போகிறது என்றும் சொன்னார்கள். ஊரில் ஒரு பெண்கூடக் காணாமல் போனதாகப் புகார் இல்லை. அப்படியானால் போலீஸ் ஏன் சும்மா இருக்கிறது? பணம் வாங்கிவிட்டது. பத்திரிகை ஏன் எழுதவில்லை? அதையும் வாங்கிவிட்டார்கள். கடைகளுக்கு முன் கூட்டம் கூடி முறைக்கும் அளவுக்குப் போனது. எட்கர் மொரேன் என்ற சமூகவியலாளர் குழுவோடு போய் ஆராய்ந்து அதே ஆண்டு ஒரு புத்தகமே எழுதினார். நெருப்பைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது, அந்த ஊர் மனத்தில் யூதர்களைப் பற்றி முன்பே கிடந்த பழைய விறகு. அன்று கடைக்காரரின் மதம் விறகானது. நம் ஊரில் யார் கடை மேல் எந்தப் பேச்சு எளிதில் பற்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிரியாணியில் என்ன கலக்கிறார்கள் என்ற கதை எந்தப் பெயர்ப்பலகைக் கடையைச் சுற்றி மட்டும் உலாவுகிறது என்று யோசித்தால் போதும்.

“நெருப்பில்லாமல் புகையாது” என்பதும் “போன பிறவியில் ஏதோ செய்திருப்பான்” என்பதும் ஒரே தர்க்கம். துன்பம் வந்ததே குற்றத்துக்குச் சாட்சி. கர்மத்தைக் கைவிட்டவர்கள் புகையைக் கைவிடவில்லை.

பொய் வதந்தி செய்கிற இன்னொரு வேலை, உண்மைக் குற்றத்துக்குத் திரை போடுவது. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பதை மருத்துவம் படித்தவர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான கோழி உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பிடித்து ஊசி போடும் கூலியைக் கணக்குப் போட்டாலே கதை உடைந்துவிடும். தீவனத்தில் கலக்கலாமே என்றால், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், வயிற்றில் செரித்துப்போகும். நாற்பது நாளில் கோழி அப்படி வளர்வதற்குக் காரணம், பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துக் கலப்பு செய்த இனமும் தீவனமும். ஆனால் கோழிப் பண்ணைகளிடம் கேட்க வேண்டிய மெய்யான கேள்வி ஒன்று உண்டு, அது ஆன்டிபயாடிக். மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019இல்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது. ஹார்மோன் பற்றிக் கூவிய தொண்டைகள் எத்தனை கொலிஸ்டின் பற்றிப் பேசின? பொய்க் குற்றச்சாட்டைப் போல மெய்க் குற்றவாளிக்கு உதவுவது எதுவுமில்லை. அவர் அந்தப் பொய்யை மறுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம்.

2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழியிலிருந்து கொரோனா வரும் என்ற பேச்சில் நாமக்கல், பல்லடம் பக்கம் பண்ணைக்காரர்கள் வளர்த்த செலவுக்கும் கீழே கோழியை விற்றார்கள். வாங்காமல் இருந்த நம் யாருக்கும் அதில் ஒரு பைசா நஷ்டமில்லை.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? கடைக்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தோடு விழுந்தபோது, முன்பே சந்தேகப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் சந்தேகமும் டீக்கடையில் நூறு பேச்சோடு ஒரு பேச்சாகக் கரைந்துபோனது. தேவைப்பட்டது ரகசியச் செய்தி எதுவுமில்லை, ஒரு கூட்டல் கணக்கு: இந்தப் பறவையின் கறியை இவ்வளவு விலைக்கு வாங்குகிறவர் யார்? யாருமில்லை என்றால், மாதாமாதம் வரும் பணம் அடுத்துச் சேர்ந்தவரின் பணம். அந்தக் கணக்கைப் பெயர் போட்டுக் காகிதத்தில் எழுதியிருந்தால் அது எச்சரிக்கை. “அது ஒரு மாதிரி கம்பெனியாம்” என்றதால் அது வதந்தி. உண்மையாகவே இருந்தும் வதந்தி.

2003 ஆகஸ்டில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (CSE) குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருக்கிறது என்று சொன்னபோது, எந்தெந்தப் பானம், எந்தெந்தப் பூச்சிமருந்து, எவ்வளவு, எந்த முறையில் சோதித்தது என்று போட்டுத்தான் சொன்னது. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் பாய்ந்து பிடுங்க வந்தன. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது, கண்டுபிடிப்பு நின்றது. தப்பென்று நிரூபிக்க எதிராளிக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் பேசுவதுதான் குற்றச்சாட்டு.

நம் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட நுட்பமாக இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 356, அவதூறைக் குற்றமாக்குகிறது. கூடவே விதிவிலக்காக, ஒருவர் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் எச்சரிக்கையை அனுமதிக்கிறது. ஆஹா, நாம் எல்லாம் நல்லெண்ணம்தானே என்று தோன்றும். ‘நல்லெண்ணம்’ என்றால் என்ன என்று அதே பழைய சட்டம் 52ஆம் பிரிவில் சொல்லியிருந்தது: உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. நெஞ்சில் கெட்ட எண்ணம் இல்லை என்பது போதாது, விசாரித்தாயா என்று கேட்கிறது சட்டம். மெக்காலே காலத்து ஆங்கிலேயன் எழுதியதுதான், இருந்தாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

நான் விசாரித்தேனா? சொல்கிறேன். நியான் வாங்கிய அன்று அந்தக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, “தொட்டி செட் பண்ணி எத்தனை நாளாச்சு சார்?” என்பதுதான். “ஒரு மாசம்” என்றேன். பொய். முந்தாநாள்தான் தண்ணீர் நிரப்பியிருந்தேன். புதியவன் என்று தெரிந்தால் தலையில் கட்டிவிடுவார் என்ற புத்திசாலித்தனம். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அதைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலைந்து வாரம் ஆகும். அதற்குள் மென்மையான மீனை விட்டால் ஒவ்வொன்றாக மிதக்கும். வேறொரு கடையில் வாங்கிய அடுத்த பத்தும் மிதந்தபோதுதான் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். குப்பியில் நிறம் கரும்பச்சையாகப் போனது. மீனைக் கொன்றது என் வீடு.

இப்போது யாராவது ஒரு கடையைப் பற்றி “எதுக்கும் பாத்துக்கங்க” என்றால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: நீங்கள் சொல்வது பொய்யென்று தெரிந்தால், அந்தக் கடைக்காரரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை உங்கள் பையிலிருந்து கொடுப்பீர்களா? என்னைக் கேட்டிருந்தால் அன்று நான் வாயை மூடியிருப்பேன். அல்லது “பத்து மீன் வாங்கினேன், செத்தது, தொட்டி ரெண்டு நாள் பழசு” என்று முழுதாகச் சொல்லியிருப்பேன். அப்போது பெரியவர் அங்கேயே சிரித்திருப்பார், கதை முடிந்திருக்கும்.

டெஸ்ட் கிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு டீக்கடைக்குப் போனேன். குப்பியைக் காட்டி, தப்பு என் தொட்டியில், அந்தக் கடையில் இல்லை, கலர் ஊசியும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் புதிதாக வந்த பிளவர்ஹார்ன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மட்டும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ஆமா, அம்மோனியாதான்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையன் என்னைத் தனியாக அழைத்துப்போய்த் தயக்கத்தோடு கேட்டான்: “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தச் சந்துக் கடைல உங்களுக்குப் பங்கு இருக்காம்?”

போன ஞாயிறு வேறொருவர் அதையே என்னிடம் கேட்டார். அவர் கேள்வியில் ‘ஆம்’ இல்லை. எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டார்.